கடைசியாக எடுபட்ட பிள்ளையின் புள்ளி

கேள்வி சாவகச்சேரியிலிருந்து ஒரு தாய் கேட்டது. மகள் உயர்தரப் பரீட்சைக்கு உயிரியல் பிரிவில் முதல் தடவை தோற்றியிருக்கிறாள். இரண்டு ஏ, ஒரு பி. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் அதே இரண்டு ஏ, ஒரு பி தான், ஆனால் அந்தப் பிள்ளையின் இசற் புள்ளி, அதாவது பல்கலைக்கழகத் தெரிவுக்குப் பார்க்கும் Z புள்ளி, மகளுடையதை விட நன்றாகக் கூட. அது எப்படி? முல்லைத்தீவில் இருக்கும் தங்கையின் மகன் இதைவிடக் குறைந்த புள்ளியோடு போன முறை மருத்துவத்துக்கு எடுபட்டான். அது எப்படி? போன முறை யாழ்ப்பாண மாவட்ட வெட்டுப்புள்ளிக்கு மகள் கொஞ்சம் கீழே நிற்கிறாள். அப்படியானால் விண்ணப்பத்தில் மருத்துவத்தை முதலாவதாகப் போடுவதில் ஏதும் பயன் உண்டா?

அம்மா, மூன்று கேள்விக்கும் அடியில் ஒரே குழப்பம்தான் கிடக்கிறது. வெட்டுப்புள்ளி என்பது பரீட்சைக்கு முன்பே யாரோ கீறி வைத்த கோடு என்றும், அதைத் தாண்டினால் உள்ளே, தாண்டாவிட்டால் வெளியே என்றும் நாங்கள் நினைக்கிறோம். அப்படி ஒரு கோடு கிடையாது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பிள்ளைகளை வரிசைப்படுத்தி, இருக்கிற இடங்களை மேலிருந்து கீழாக நிரப்பிக்கொண்டு வருகிறது. இடம் முடிகிற நேரத்தில் கடைசியாக எடுபட்ட பிள்ளையின் இசற் புள்ளி எதுவோ, அதுதான் அந்த ஆண்டு, அந்தக் கற்கைநெறிக்கு, அந்த மாவட்டத்தின் வெட்டுப்புள்ளி. எல்லாம் முடிந்த பிறகு எழுதப்படும் எண் அது.

முதலில் அந்த இரண்டு ஏ, ஒரு பி. உயர்தரத்தில் 75 புள்ளியும் ஏ, 98 புள்ளியும் ஏ. 65 இலிருந்து 74 வரை பி. ஆக ஒரு பிள்ளை 75, 76, 65 எடுத்திருக்கலாம், இன்னொரு பிள்ளை 90, 88, 74 எடுத்திருக்கலாம். பெறுபேற்றுத் தாளில் இருவரும் ஒன்றுதான். உண்மைப் புள்ளியைத் தாளில் காட்டமாட்டார்கள், இசற் புள்ளியில்தான் அந்த வித்தியாசம் வெளியே வரும். அதனால்தான் மூன்று ஏ எடுத்தும் மருத்துவம் கிடைக்காத பிள்ளைகளை ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறோம். ஊரில் பெறுபேறு கேட்கிறவர்கள் எத்தனை ஏ என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். பிள்ளைதான் இசற் புள்ளியின் நான்கு தசம தானங்களோடு இரவு முழுக்க விழித்திருக்கிறது.

சரி, இசற் புள்ளி எப்படி வருகிறது? ஒரு பாடத்தில் பிள்ளை எடுத்த புள்ளியிலிருந்து, அந்தப் பாடத்துக்குத் தோற்றிய எல்லோருடைய சராசரியையும் கழிக்க வேண்டும். வருகிற விடையை அந்தப் பாடத்தின் நியம விலகலால் வகுக்க வேண்டும். நியம விலகல் என்றால் புள்ளிகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதன் அளவு. மூன்று பாடத்துக்கும் இப்படிக் கணித்துச் சராசரி எடுத்தால் வருவதுதான் தாளில் இருக்கும் எண். பொது அறிவுப் பரீட்சையும் பொது ஆங்கிலமும் இதற்குள் சேராது. பொது அறிவுப் பரீட்சையில் 30 புள்ளி எடுத்திருக்க வேண்டும் என்பது தனி நிபந்தனை.

எண்களைப் போட்டுப் பார்த்தால் தெளியும். இவை விளக்கத்துக்காக நான் வைத்துக்கொள்ளும் எண்கள். உயிரியலில் சராசரி 50, விலகல் 14. பௌதிகவியலில் சராசரி 36, விலகல் 16. இரசாயனவியலில் சராசரி 40, விலகல் 15. ஒரு பிள்ளை உயிரியலில் 78, பௌதிகத்தில் 60, இரசாயனத்தில் 64 எடுக்கிறது. மொத்தம் 202. உயிரியலில் 28 கூட, அதை 14 ஆல் வகுத்தால் 2. பௌதிகத்தில் 24 ஐ 16 ஆல் வகுக்க 1.5. இரசாயனத்தில் 24 ஐ 15 ஆல் வகுக்க 1.6. மூன்றின் சராசரி 1.7000. இன்னொரு பிள்ளை 64, 68, 70 எடுக்கிறது. அதுவும் 202 தான். ஆனால் கணக்கு 1, 2, 2 என்று வந்து சராசரி 1.6667 ஆகிறது. மொத்தம் ஒன்று, இசற் வேறு. இந்த 0.0333 க்குள் எத்தனையோ பிள்ளைகள் நிற்பார்கள்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று: இசற் புள்ளி பிள்ளைக்கு எவ்வளவு தெரியும் என்று சொல்வதில்லை. அதே பாடத்தை அதே ஆண்டில் எழுதியவர்கள் நடுவில் பிள்ளை எங்கே நிற்கிறது என்று சொல்கிறது. வினாத்தாள் கடினமாக வந்தால் எல்லோருடைய புள்ளியும் இறங்கும், சராசரியும் கூடவே இறங்கும், பிள்ளையின் இடம் பெரிதாக மாறாது. ஆகவே "இந்த முறை பௌதிகம் கஷ்டம், வெட்டுப்புள்ளி இறங்கும்" என்று ரியூற்றரி வாசலில் பேசுவது பழைய மொத்தப் புள்ளிக் காலத்துப் பேச்சு. அந்தக் காலத்தில் அது சரிதான். 2001 க்குப் பிறகு, இசற் முறை வந்தபின், சரியில்லை.

இசற் என்றதும் எங்கள் வீடுகளில் 'தரப்படுத்தல்' என்ற சொல் உடனே வந்துவிடும். வராமல் இருக்காது. 1970 களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதிக்காக மொழிவாரியாகப் புள்ளிகளைத் தரப்படுத்தியதும், 1974 இல் மாவட்டப் பங்கீடு வந்ததும் ஒரு தலைமுறையின் வாழ்க்கையையே திருப்பிய விடயங்கள். அந்தக் காயத்தை நான் சிறிதாக்க மாட்டேன். ஆனால் இன்றைய இசற் கணக்கில் மொழி இல்லை. ஒரு பாடத்தைத் தமிழில் எழுதியவர், சிங்களத்தில் எழுதியவர், ஆங்கிலத்தில் எழுதியவர் எல்லோரும் ஒரே கூட்டமாகத்தான் கணிக்கப்படுகிறார்கள். மாவட்டம் வருவது அதற்கு அடுத்த கட்டத்தில். இந்த இரண்டையும் பிரித்து வைத்தால்தான் முல்லைத்தீவுக் கேள்விக்குப் பதில் விளங்கும்.

ஒரு கற்கைநெறியின் இடங்களில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகிறது. மாவட்டம் பார்ப்பதில்லை, வரிசையின் உச்சியிலிருந்து எடுப்பார்கள். 55 சதவீதம் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகை விகிதப்படி பிரிகிறது. மிச்சம் 5 சதவீதம் கல்வி வசதி குறைந்தவை என்று குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. வடக்கு கிழக்கின் எட்டு மாவட்டங்களும் அந்தப் 16 இல் இருக்கின்றன. நுவரெலியா, பதுளை, மொனராகலை, அம்பாந்தோட்டை போன்றவையும் இருக்கின்றன.

இதையும் எண்ணில் பார்ப்போம். ஒரு கற்கைநெறிக்கு நாடு முழுக்க 2000 இடங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 800 திறமைக்கு, 1100 மாவட்டங்களுக்கு, 100 வசதி குறைந்த மாவட்டங்களுக்கு. 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் ஏறத்தாழ 2 கோடி 3 இலட்சத்து 59 ஆயிரம் பேர். யாழ்ப்பாண மாவட்டத்தில் 5 இலட்சத்து 83 ஆயிரம், முல்லைத்தீவில் 92 ஆயிரம், கம்பகாவில் 23 இலட்சம். அந்த விகிதத்தில் 1100 ஐப் பிரித்தால் கம்பகாவுக்கு 124 அளவில், யாழ்ப்பாணத்துக்கு 31 அளவில், முல்லைத்தீவுக்கு 5. அந்த 5 இடத்துக்கு முல்லைத்தீவுப் பிள்ளைகள் தங்களுக்குள் போட்டி போடுகிறார்கள், யாழ்ப்பாணத்தின் 31 க்கு நாங்கள் எங்களுக்குள். உங்கள் தங்கையின் மகன் உங்கள் மகளோடு போட்டி போடவில்லை, அவளுடைய இடத்தை எடுக்கவும் இல்லை. மாவட்டத்தின் பங்கை முடிவு செய்வது சனத்தொகை. மாவட்டத்தின் வெட்டுப்புள்ளியை முடிவு செய்வது அந்தப் பங்குக்காக எத்தனை கெட்டிக்காரப் பிள்ளைகள் முட்டுகிறார்கள் என்பது.

உங்கள் தங்கையின் மகனைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக மனம் வரவில்லை. யாழ்ப்பாண நகரத்தில் ஒரு பிள்ளைக்கு இரசாயனம் விளங்காவிட்டால், சைக்கிளில் பத்து நிமிடத்தில் போகக்கூடிய தூரத்தில் மூன்று ரியூசன் வாத்திமார் இருப்பார்கள். வன்னியின் உட்கிராமத்தில் பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லாமல் தவணை கடந்துபோன பாடசாலைகள் உண்டு. அங்கேயிருந்து ஒரு பிள்ளை எடுத்த 1.5 க்குப் பின்னால் இருக்கும் உழைப்பை, நாங்கள் எங்கள் பிள்ளையின் 1.8 ஓடு வைத்துக் குறைவாகப் பேசக்கூடாது. கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் அந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறேன். பிள்ளைகளின் காதில் விழுகிறது.

இன்னொரு விடயம் கன பேர் கவனிப்பதில்லை. திறமை அடிப்படையில் முதலில் எடுபட்டுப் போகிறவர்கள் மாவட்டப் பங்கிலிருந்து கழிக்கப்படுவதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து 40 பேர் அகில இலங்கை வரிசையில் போய்விட்டார்கள் என்று வைத்துக்கொண்டால், மாவட்டத்தின் 31 இடங்கள் 41 ஆவது பிள்ளையிலிருந்துதான் தொடங்கும். பெறுபேற்றுத் தாளில் மாவட்ட நிலை என்று ஓர் எண் இருக்கிறதே, அதை இந்தக் கண்ணோடு பாருங்கள். மகளின் மாவட்ட நிலை 65 என்றால், "யாழ்ப்பாணத்துக்கு 31 இடம்தானே, முடிந்தது" என்று நினைப்பது பிழை. முன்னால் நிற்பவர்களில் திறமையில் போகிறவர்களைக் கழித்துப் பார்க்க வேண்டும். பொறியியலை எடுத்தாலும் இதே கணக்குத்தான்.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. எந்த மாவட்டத்தின் வெட்டுப்புள்ளியும் அகில இலங்கைத் திறமைக் கோட்டுக்கு மேலே போக முடியாது. அதற்கு மேலே நிற்கிற பிள்ளைகள் எல்லோரும் ஏற்கனவே எடுபட்டுவிட்டார்கள் அல்லவா? போட்டி கடுமையான மாவட்டங்களில் இரண்டும் கிட்டக்கிட்ட நிற்கும். போட்டி குறைந்த மாவட்டங்களில் இடைவெளி பெரிதாக இருக்கும். சில கற்கைநெறிகளுக்குச் சில மாவட்டங்களின் கட்டத்தில் எண்ணுக்குப் பதிலாக என்.கியூ.சி என்று ஆங்கில எழுத்துகள் மூன்று இருக்கும். அந்த மாவட்டத்தில் அதற்குத் தகுதியான விண்ணப்பதாரர் இல்லை என்பதுதான் பொருள். வெட்டுப்புள்ளி பூச்சியம் என்று ஒரு தகப்பன் அதை வாசித்ததை நானே கேட்டிருக்கிறேன்.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி, போன முறை வெட்டுப்புள்ளி. அது ஒரு குறிப்பு, அவ்வளவுதான். அடுத்த ஆண்டு அது அசைவதற்குக் காரணங்கள் பல. இடங்கள் கூடலாம்: சபரகமுவ, வயம்ப, மொறட்டுவைப் பல்கலைக்கழகங்களில் மருத்துவ பீடங்கள் வந்தபோது நாடு முழுக்க இடங்கள் கூடின. மாவட்டத்தின் உச்சியில் நிற்கும் பிள்ளைகளின் தொகை மாறலாம். இரண்டாம், மூன்றாம் தடவை எழுதுகிறவர்கள் ஓர் ஆண்டு கூட இருக்கலாம், இன்னோர் ஆண்டு குறையலாம். முல்லைத்தீவு, மன்னார் போல ஐந்தாறு இடங்களே உள்ள மாவட்டத்தில் ஒரே ஒரு கெட்டிக்காரப் பிள்ளை கூடினாலும் குறைந்தாலும் வெட்டுப்புள்ளி சட்டென்று ஏறி இறங்கும். யாழ்ப்பாணம், கண்டி, கொழும்பு போன்ற இடங்களில் அசைவு மெதுவாக இருக்கும். ஆகவே ஓர் ஆண்டின் எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்காமல், நாலைந்து ஆண்டுகளின் அட்டவணையை எடுத்து உங்கள் மாவட்ட நிரலை மேலிருந்து கீழாகப் பாருங்கள். எந்த வீச்சுக்குள் ஆடுகிறது என்று தெரியும். அட்டவணையை எடுக்கும்போது ஆண்டைச் சரிபாருங்கள். 2022 ஆம் ஆண்டு உயர்தரம் நடந்ததே 2023 இன் தொடக்கத்தில்தான். தலைப்பில் எந்த ஆண்டுப் பரீட்சை என்று இருக்கிறதோ அதைத்தான் பிடிக்க வேண்டும், திகதியை அல்ல.

இசற் முறை குறையே இல்லாதது என்று நான் சொல்ல வரவில்லை. 2011 இல் புதிய பாடத்திட்டத்தில் முதல் தடவை எழுதியவர்களும் பழைய பாடத்திட்டத்தில் மறுபடி எழுதியவர்களும் ஒரே ஆண்டில் தோற்றினார்கள். இரண்டு வேறு கூட்டங்கள், இரண்டு வேறு வினாத்தாள்கள். அவற்றைச் சேர்த்துக் கணித்த இசற் புள்ளி உயர் நீதிமன்றம் வரை போய், 2012 இல் அது செல்லாது, இரண்டு கூட்டத்தையும் தனித்தனியாகக் கணியுங்கள் என்று தீர்ப்பு வந்தது. அந்த ஆண்டுப் பிள்ளைகள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். யாருடைய நடுவில் நிறுத்தி அளக்கிறோம் என்பது பிழைத்தால் இந்த அளவுகோல் முழுதும் பிழைத்துவிடும். அதை எங்கள் நாடு பட்டுத்தான் தெரிந்துகொண்டது.

சரி, விண்ணப்பத்துக்கு வருவோம். ஒவ்வொரு கற்கைநெறிக்கும் அது நடக்கும் பல்கலைக்கழகத்துக்கும் சேர்த்து ஒரு குறியீடு இருக்கிறது, யூனி-கோட் என்று சொல்வார்கள். பேராதனை மருத்துவம் ஒன்று, யாழ்ப்பாண மருத்துவம் இன்னொன்று. பிள்ளை தன் விருப்ப ஒழுங்கில் இவற்றை அடுக்க வேண்டும். இங்கேதான் பெரிய பிழை நடக்கிறது. "கிடைக்காததை மேலே போட்டால் கிடைக்கக்கூடியதும் போய்விடும்" என்று பயந்து, உண்மையில் விரும்பியதைக் கீழே தள்ளுகிறார்கள், அல்லது விட்டே விடுகிறார்கள். அந்தப் பயத்துக்கு இடமே இல்லை. பிள்ளையின் புள்ளி முதல் விருப்பத்துக்குக் காணாவிட்டால் இரண்டாவதைப் பார்ப்பார்கள், அதுவும் காணாவிட்டால் மூன்றாவது. மேலே ஒன்றை எழுதியதற்காகக் கீழே உள்ளதில் பிள்ளையின் வரிசை பின்னுக்குப் போவதில்லை. ஆனால் பிள்ளைக்கு எட்டக்கூடிய ஒன்றை முதலில் எழுதிவிட்டால், அதற்குக் கீழே எழுதிய மேலான ஒன்று எட்டினாலும் கிடைக்காது. ஏனென்றால் நீங்களே அதைக் குறைவாக விரும்புவதாகச் சொல்லிவிட்டீர்கள்.

ஆகவே மகளுக்கு மருத்துவம்தான் மனம் என்றால் தயங்காமல் மருத்துவத்தை முதலில் போடுங்கள். யாழ்ப்பாணத்தை மட்டும் போட்டுவிட்டு நிற்க வேண்டாம், போக மனமுள்ள எல்லா மருத்துவ பீடங்களையும் போடுங்கள். அதற்குக் கீழே நிதானமாக யோசித்து நிரப்புங்கள். பல் மருத்துவம், பேராதனையில் மட்டுமே இருக்கும் கால்நடை மருத்துவம், யாழ்ப்பாணத்திலும் திருகோணமலை வளாகத்திலும் இருக்கும் சித்த மருத்துவம், தாதியியல், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், இயன்மருத்துவம், விவசாயம். ஒவ்வொன்றுக்கும் தனி வெட்டுப்புள்ளி, தனி நிபந்தனை. மானியங்கள் ஆணைக்குழு அனுமதிக் கைநூலைத் தமிழிலேயே வெளியிடுகிறது. மகளோடு இருந்து வரி வரியாக வாசியுங்கள், அண்ணன் சொன்னார், மாமா சொன்னார் என்று விட்டுவிடாதீர்கள். நான் விண்ணப்பம் நிரப்ப உதவிய காலத்தில் ஒரு பையன் ஐந்தாறு குறியீடு மட்டும் போட்டுவிட்டு வந்து நின்றான். அவனுடைய புள்ளிக்கு எட்டக்கூடிய நல்ல கற்கைநெறி ஒன்று அவன் அடுக்கில் இல்லவே இல்லை. அந்த ஆண்டு அவனுக்கு எதுவும் கிடைக்கவில்லை. அந்த வீட்டின் அமைதி எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது.

முதல் பட்டியல் வந்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். எடுபட்டவர்களில் சிலர் வெளிநாடு போவார்கள், சிலர் பதிவு செய்யாமல் விடுவார்கள். அந்த வெற்றிடங்களை நிரப்பும்போது வரிசை இன்னும் கொஞ்சம் கீழே இறங்கும். கோட்டுக்கு மிகக் கிட்ட நின்ற பிள்ளைகளுக்கு அங்கேதான் கதவு திறக்கும். கடிதம், குறுஞ்செய்தி எதையும் தவறவிடாதீர்கள், பதிவுக்குரிய கடைசித் திகதி ஒரு நாள் பிந்தினாலும் இடம் போய்விடும்.

இரண்டாம் தடவை எழுதுவதா என்பதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மகள் அதைத்தான் யோசித்துக்கொண்டிருப்பாள். மூன்று தடவை தோற்றலாம். ஒவ்வொரு தடவையும் இசற் புதிதாகக் கணிக்கப்படும், இந்த ஆண்டின் உயிரியலையும் அடுத்த ஆண்டின் இரசாயனத்தையும் சேர்க்க முடியாது. என் அபிப்பிராயம், எந்தப் பாடம் கீழே இழுத்தது என்று பாருங்கள். மூன்றும் சமமாக நின்றால், இன்னோர் ஆண்டில் மூன்றையும் சேர்த்து உயர்த்துவது கடினம். அந்த ஒரு பி தான் இழுத்திருந்தால், அதிலும் அது பௌதிகமாக இருந்தால், ஓர் ஆண்டில் அதைச் சரிப்படுத்தலாம், அதுவே புள்ளியை நன்றாக ஏற்றும். பெறுபேறு வந்த கிழமையே முடிவெடுக்க வேண்டாம். விண்ணப்பத்தை இப்போது முழுமையாகப் போடுங்கள், படிப்பையும் விடாமல் வைத்திருக்கட்டும். பட்டியல் வந்த பிறகு, கையில் கிடைத்ததைப் பார்த்து, மகளே சொல்லட்டும்.